முடக்குவாதமும் இரத்தசோகையும்: காரணம் ஒன்றல்ல, மருந்தும் ஒன்றல்ல

முடக்குவாத நோயாளிகளுக்குக் களைப்பு புதிதல்ல. காலையில் விரல்களை மடக்க முடியாத விறைப்பு, மூட்டு வீக்கம், வலியால் கெடும் உறக்கம் ஆகியவை அவர்களைச் சோர்வடையச் செய்கின்றன. ஆனால் அந்தச் சோர்வுக்குப் பின்னால் பல வேளைகளில் இரத்தசோகையும் மறைந்திருக்கிறது. அந்த இரத்தசோகைக்கான காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. அதைக் கண்டறியாமல் இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் உட்கொள்வது பலருக்குப் பயனளிப்பதில்லை. சிலருக்கு ஆபத்தான தாமதமாகவும் அது முடியக் கூடும்.

நோய் எதிர்ப்பு அமைப்பு உடலின் சொந்த மூட்டுகளையே அந்நியப் பொருளாகக் கருதித் தாக்குவதால் ஏற்படுவது முடக்குவாதம். ஆண்களை விடப் பெண்களை இது இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகப் பாதிக்கிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமடையாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது.

இருந்தும் பயன்படாத இரும்பு

முடக்குவாதக்காரர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது, நாட்பட்ட அழற்சியால் வரும் இரத்தசோகை. அழற்சியின்போது சுரக்கும் இண்டர்லூக்கின்-6 என்ற புரதம், கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைப் பெருக்குகிறது. ஹெப்சிடின், உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதையும், உடலில் சேமிக்கப்பட்டுள்ள இரும்பு இரத்தத்துக்குள் வருவதையும் தடுக்கிறது. களஞ்சியத்தில் நெல் இருந்தும் பூட்டுத் திறக்கப்படாத நிலை இது. இங்கு தேவைப்படுவது கூடுதல் இரும்பு அல்ல. மூட்டு அழற்சியைக் கட்டுப்படுத்துவதே.

இண்டர்லூக்கின்-6இன் மரபணுவை ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தடமிட்சு கிஷிமோட்டோவின் குழுவினர் 1986ஆம் ஆண்டு இனங்கண்டனர். அதன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து 2008இல் ஜப்பானில் முடக்குவாதத்துக்கு அனுமதிக்கப்பட்டது. இதைப் பெறும் நோயாளிகளுக்கு மூட்டு வலி தணிவதுடன் ஹீமோகுளோபினும் உயர்வது காணப்பட்டுள்ளது.

தன் இரத்தத்தையே அழிக்கும் உடல்

இதனினும் அரிதானது, ஆனால் கவலைக்குரியது, தன்னெதிர்ப்பு இரத்தசோகை. சாதாரணமாக ஏறத்தாழ 120 நாட்கள் வாழும் சிவப்பணுக்களின் மீது உடலே உருவாக்கும் எதிர்ப்பொருட்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை மண்ணீரல் அடையாளம் கண்டு முன்னதாகவே அழித்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை விரைந்து உற்பத்தி செய்தாலும் இழப்பை ஈடுசெய்ய முடிவதில்லை. கண்கள் மஞ்சளாதல், சிறுநீர் கருமையாதல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சிரைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள்.

இதைக் கண்டறிய உதவும் கூம்ஸ் பரிசோதனை, பிரிட்டனைச் சேர்ந்த ராபின் கூம்ஸ், ஆர்தர் மௌரன்ட், ராபர்ட் ரேஸ் ஆகியோரால் 1945இல் விவரிக்கப்பட்ட முறையிலிருந்து வந்தது. முடக்குவாதத்தை விட லூபஸ் நோயில்தான் இவ்வகை இரத்தசோகை அதிகம். ஆகவே முடக்குவாத நோயாளி ஒருவரிடம் இது காணப்பட்டால், லூபஸோ நிணநீர்ப் புற்றுநோயோ உடன் இருக்கிறதா என்றும் மருத்துவர்கள் ஆராய்வர். ஸ்டீராய்டு மருந்துகளே முதற்கட்ட சிகிச்சை. அவை போதாதபோது ரிட்டுக்சிமாப் அளிக்கப்படுகிறது. சிலருக்கு மண்ணீரல் அகற்றப்படுகிறது.

சிவப்பணுக்கள் அழிந்தும் கூம்ஸ் பரிசோதனையில் எதுவும் தெரியாவிட்டால், ஜி6பிடி என்ற நொதியின் பிறவிக் குறைபாடு காரணமா என்று பார்க்க வேண்டும். இக்குறைபாடு உள்ளவர்களுக்கு, முடக்குவாதத்துக்குத் தரப்படும் சல்ஃபாசலசீன் மருந்தே சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடும்.

வைட்டமின் பி12 குறைபாடு

மற்றொரு தன்னெதிர்ப்பு நோயில் தாக்கப்படுவது வயிறு. உணவிலுள்ள வைட்டமின் பி12ஐ உடல் ஏற்க உதவும் புரதத்தைச் சுரக்கும் இரைப்பைச் செல்கள் அழிவதால், உண்ணும் பி12 உடலில் சேர்வதில்லை. இதற்கு வழக்கமாக ஊசி மூலம் பி12 செலுத்தப்படுகிறது. அந்த வைட்டமினின் மூலக்கூறு அமைப்பை 1956இல் கண்டறிந்த டாரதி ஹாட்ஜ்கின், தமது 24ஆம் வயதிலிருந்தே முடக்குவாதத்துடன் வாழ்ந்தவர். வளைந்துபோன விரல்களுடன் ஆய்வைத் தொடர்ந்த அவருக்கு 1964இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தன்னெதிர்ப்பு நோய் இல்லாமலும் பி12 குறையலாம். சைவ உணவு மட்டும் உண்பவர்களும், நீரிழிவுக்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்துகளும் காரணமாகலாம்

முடக்குவாத சிகிச்சையின் முதுகெலும்பாக விளங்கும் மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுப்பது. அதனாலேயே இதனுடன் ஃபோலிக் அமில மாத்திரையும் தரப்படுகிறது. இவ்விரண்டின் வரலாற்றிலும் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகடா சுப்பாராவுக்குப் பங்குண்டு. 1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையிலான குழுவினரே ஃபோலிக் அமிலத்தையும், பின்னர் அதன் எதிர்மருந்துகளையும் உருவாக்கினர்.

மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒரு முறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிருக்கே ஆபத்து நேரிடலாம். அதேபோல், ஃபோலிக் அமிலம் பி12 குறைபாட்டால் வரும் இரத்தசோகையை வெளித்தெரியாமல் மறைத்துவிடலாம். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். கைகால் மரத்துப்போனால் அதை மூட்டு நோயின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

வலி நிவாரணிகள் இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் ஏற்படுத்தலாம். மலம் கறுத்துப்போவது அதன் எச்சரிக்கை. அவ்வாறான இரத்த இழப்பால் வரும் இரத்தசோகைக்கே இரும்புச்சத்து மாத்திரை உண்மையில் பலன் தரும்.

தமிழர்கள் கவனிக்க வேண்டியவை

தெற்காசியர்களிடையே தலசீமியா மரபணுவை நோயின்றிச் சுமப்பவர்கள் உள்ளனர். இவர்களது சிவப்பணுக்கள் சிறியவையாக இருப்பதால், இரும்புக் குறைபாடு என்று தவறாகக் கருதப்படுவதுண்டு. வெளிநாடுகளில் குடும்ப மருத்துவர்களைச் சந்திக்கும்போது பூர்வீகத்தையும் உணவுப் பழக்கத்தையும் எடுத்துக்கூறுவது நல்லது.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு, அழற்சியின்போது தானாகவே உயரும். எனவே ஃபெரிட்டின் இயல்பாக இருப்பதாலேயே இரும்புக் குறைபாடு இல்லை என்று முடிவு செய்ய இயலாது. சிவப்பணுக்கள் விரைவில் அழிபவர்களிடம், மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை உண்மையை விடக் குறைவான எண்ணையே காட்டும். நீரிழிவும் உள்ளவர்கள் அதை நம்பி ஏமாந்துவிடக் கூடும். அதிலும் ஸ்டீராய்டு சிகிச்சை சர்க்கரையை உயர்த்தும் வேளையில் இது மேலும் சிக்கலானது.

ஆகவே ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்று மருத்துவர் கூறும்போது, எந்த மாத்திரை உட்கொள்வது என்பதற்கு முன்னதாக நோயாளி கேட்க வேண்டிய கேள்வி, ஏன் குறைந்தது என்பதே. கண்கள் மஞ்சளாகிச் சிறுநீர் கருத்தாலோ, மலம் கறுத்தாலோ, ஓய்வில் இருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனடியாக மருத்துவமனையை நாட வேண்டும்.