கிளிஞ்சல்ல போட்ட கிரகணம்

அல்காரிதம்னாலே கம்ப்யூட்டரோட பொறந்த சமாச்சாரம்னு நம்ம பொட்டி தட்டுற மக்கள் பலரும் நெனைச்சுக்கிட்டிருக்காங்க. அவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

ஜான் வாரன்னு ஒருத்தர். பிரிட்டிஷ் படை அதிகாரி, சென்னை வானாய்வகத்தைக் கொஞ்ச காலம் பார்த்துக்கிட்டவர். தென்னிந்தியக் காலக்கணக்கு பற்றி 'கால சங்கலித'ன்னு 1825-ல ஒரு புத்தகம் போட்டார். பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் அவருக்கு சந்திர கிரகணம் கணிச்சுக் காட்டினதை அதில் எழுதியிருக்கார். ஏடு கிடையாது, பேனா கிடையாது. தரையில கிளிஞ்சல்களை வச்சு எடுத்து, மனப்பாட வாய்பாட்டை முணுமுணுத்தே கணக்கு முடிஞ்சது. 1825 மே 31 ராத்திரி வந்த அந்தக் கிரகணத்தோட ஆரம்பத்துக்கு அவர் சொன்ன நேரம் நாலே நிமிஷம்தான் பிசகு. நடுவுக்கு 23, முடிவுக்கு 52 நிமிஷம்.

வாய்பாடுன்னா வெறும் எண் இல்லீங்க, வாக்கியம். சந்திரனோட வேகம் ஏறி இறங்குற சுற்று சுமார் 27.55 நாள். ஒன்பது சுற்று சேர்ந்தா கிட்டத்தட்ட சரியா 248 நாள். ஆக 248 வாக்கியம் நெட்டுரு போட்டா போதும், அப்புறம் முதல்லேருந்து. எழுத்துக்கு எண் கொடுக்குற கடபயாதி முறையில ஒவ்வொரு வாக்கியமும் சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்லிடும்.

இதே கடபயாதிதான் கர்நாடக சங்கீதத்துலயும். 72 மேளத்துக்கு வேங்கடமகி 17-ம் நூற்றாண்டுல தஞ்சாவூர்ல சட்டம் போட்டார். எண் ஒளிச்ச பேர்கள் பிற்பாடு வந்தவை. மேசகல்யாணியில 'மே' 5, 'ச' 6. திருப்பிப் போடுங்க, 65. அதுல 36 கழிச்சா 29, தீரசங்கராபரணம். மத்தியமம் மட்டும்தான் வேற! (தமிழெழுத்தை நம்பி 'தீ'க்கு 6 போட்டுடாதீங்க, அது வடமொழி நாலாம் தகரம், 9.)

வாரன் அந்த மனுஷனைப் பத்தி, சித்தாந்தம் ஒரு வார்த்தை தெரியாது, ஞாபகசக்தி மட்டும் உண்டுங்கிற தொனியில எழுதிட்டார். படிச்சப்ப எனக்கு எரிச்சல்தான் வந்தது. அர்த்தம் புரியாதவன் செஞ்சாலும் விடை வரணும், அல்காரிதம்னா அதுதானே? நம்ம பொட்டிக்கு மட்டும் என்ன புரியுது? வானியல் வரலாறு எழுதின நியூகெபாவர் 1952-ல 'தமிழ் வானியல்'னே தலைப்பு வச்சு இந்த முறையை அலசினார். நம்மாளுங்க யாரும் அந்தக் கிளிஞ்சல்காரரைக் கொண்டாடின மாதிரி தெரியலை.

ஆனா வாரன் சொன்னதுல ஒரு விஷயம் இருக்குன்னு ஒத்துக்கணும். ஏன்னு தெரியாம ஓட்டுற கணக்கு பிசகினா யார் திருத்துவா? மதுரை புதுமண்டபத்துல பஞ்சாங்கம் வாங்கின காலத்துலேயே வாக்கியமா திருக்கணிதமான்னு கேட்டுத்தான் கொடுப்பாங்க. 2023-ல சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. ஒரே சனி, பதினோரு மாச வித்தியாசம்!

உங்க வீட்ல எந்தப் பஞ்சாங்கம்? பின்னூட்டத்துல சொல்லுங்க.