யுனிக்ஸ் ஷெல்கள்: வேறுபாடுகளும் வழுத்திருத்தமும்

பயனர் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி, பொருள் கண்டு, உரிய நிரலை இயக்கும் இடைநிலை நிரலே யுனிக்ஸில் ஷெல் எனப்படுகிறது. கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட் ஆகிறது. கணினி தொடங்குவது முதல் காப்புப்படி எடுப்பது வரை பல வேலைகள் இந்த ஸ்கிரிப்ட்களை நம்பியே நடக்கின்றன.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய முதல் ஷெல் 1971இல் வந்தது. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் அதன் இடத்தைப் பிடித்தது. பெர்க்லியில் பில் ஜாய் சி ஷெல்லை எழுதினார். 1983இல் டேவிட் கோர்ன் தம் ஷெல்லை அறிமுகப்படுத்தினார். 1989இல் பிரையன் ஃபாக்ஸின் பாஷ், கென்னத் ஆம்க்விஸ்டின் ஆஷ் ஆகிய இரண்டும் வெளிவந்தன. இவற்றில் சி ஷெல் தனி வழியில் சென்றது. ஏனையவை போர்ன் ஷெல்லின் வழியில் நடப்பதாகச் சொல்லிக்கொண்டன. ஆனால் ஒவ்வொன்றும் சிறிது விலகியே நடந்தது.

ஒரு வரியை அச்சிடும் எக்கோ கட்டளையே இதற்கு நல்ல சான்று. வரி முடிவில் அடுத்த வரிக்குச் செல்லாதிருக்க பெர்க்லி யுனிக்ஸில் '-என்' என்ற குறியை முன்னால் இட வேண்டும். ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸில் அதே பலனுக்குச் சரத்தின் கடைசியில் '\சி' என எழுத வேண்டும். ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றில் இயக்கினால் அந்தக் குறியே திரையில் அச்சாகிவிடும். 1992இல் போசிக்ஸ் தரம் ஷெல் மொழியை வரையறுத்தபோதும் இந்த வழக்கு தீரவில்லை. இரு தரப்பையும் பகைத்துக்கொள்ள விரும்பாத தரக்குழு, எக்கோவின் நடத்தையை அந்தந்தச் செயலாக்கத்தின் விருப்பத்துக்கு விட்டு, பிரிண்ட்எஃப் கட்டளையைப் பரிந்துரைத்தது.

இத்தகைய முரண்களைப் பொறுமையாகத் தொகுத்தவற்றுள் க்னூ ஆட்டோகான்ஃப் கையேடு குறிப்பிடத்தக்கது. எந்த யுனிக்ஸிலும் ஓடக்கூடிய ஸ்கிரிப்டை உருவாக்குவதே ஆட்டோகான்ஃபின் வேலை என்பதால், பழைய ஷெல்களின் குறைகள் அதன் ஆசிரியர்களுக்குத் தினசரித் தலைவலியாக இருந்தன. போர்ன் ஷெல்லில் '^' என்ற குறியும் குழாய்க் குறியாகவே கொள்ளப்படும் என்பது போன்ற செய்திகளை அக்கையேட்டில் காணலாம்.

வேறுபாடுகள் பொதுப் பயனர்களைத் தொட்டது 2006 அக்டோபரில். அதுவரை உபுண்டுவில் 'எஸ்எச்' என்ற பெயர் பாஷையே சுட்டியது. 6.10 பதிப்பில் அது டாஷைச் சுட்டலாயிற்று. நெட்பிஎஸ்டியின் ஆஷை ஹெர்பர்ட் சூ டெபியனுக்குக் கொண்டுவந்ததன் வடிவமே டாஷ். இது அளவில் சிறியது, வேகமானது; கணினி விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதே மாற்றத்தின் நோக்கம். ஆனால் தலைப்பில் எஸ்எச் என்று எழுதிவிட்டு உள்ளே பாஷுக்கே உரிய வசதிகளைப் பயன்படுத்திய ஸ்கிரிப்ட்கள் ஏராளம். '[[' அடைப்பு, அணிகள், ஒப்பீட்டில் '==', 'சோர்ஸ்' கட்டளை ஆகிய எதுவும் டாஷுக்குத் தெரியாது. நேற்றுவரை ஓடியது இன்று நின்றதால் பயனர்கள் சினந்தனர். டாஷில்தான் வழு என்றனர். உண்மையில் வழு இருந்தது ஸ்கிரிப்டில். எனினும், முன்னறிவிப்பு இன்றித் தேர்வுத்தாள் மாற்றப்பட்ட மாணவரின் கோபம் போன்றது அது. முற்றிலும் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது.

உபுண்டு தரப்பு ஒவ்வொரு வேறுபாட்டையும், அதற்கான மாற்று எழுத்துமுறையையும் விளக்கி ஒரு வழிகாட்டிப் பக்கத்தை வெளியிட்டது. 'சோர்ஸ்' என்பதற்குப் பதில் ஒரு புள்ளி, '==' என்பதற்குப் பதில் '=' என்ற அளவிலேயே பல திருத்தங்கள் முடிந்தன. டெபியன் அவசரப்படவில்லை. பாஷுக்கே உரிய எழுத்துமுறைகளைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனைக் கருவியைக் கொண்டு பொதிகளை ஆராய்ந்து திருத்திய பின், 2011 பிப்ரவரியில் வெளியான 6.0 பதிப்பில்தான் டாஷுக்கு மாறியது.

இந்த உழைப்பின் இன்னொரு பயன் 2014 செப்டம்பரில் தெரிந்தது. ஸ்டெஃபான் ஷாசெலா பாஷில் ஒரு பெரும் வழுவைக் கண்டார். செயற்கூறு ஒன்றைச் சூழல் மாறி வழியாக இன்னொரு பாஷுக்கு அனுப்பலாம். பெறும் பாஷ், செயற்கூறு முடிந்த பிறகும் நிற்காமல், அதன் பின்னால் ஒட்டியிருந்த கட்டளைகளையும் இயக்கிவிட்டது. வலை வழங்கிகள் வெளியிலிருந்து வரும் உரையைச் சூழல் மாறிகளில் இட்டு நிரல்களுக்குத் தருவதால், முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய கட்டளை வழங்கியில் ஓடும் அபாயம் ஏற்பட்டது. ஷெல்ஷாக் எனப் பெயர்பெற்ற இவ்வழு 1989 முதலே பாஷில் இருந்தது.

பாஷின் பராமரிப்பாளர் செட் ரேமி அளித்த முதல் திருத்தம் 24ஆம் தேதி வெளியானது. டேவிஸ் ஆர்மண்டி அதிலும் ஓட்டை இருப்பதை உடனே காட்டினார். தனிப் பெயரமைப்புள்ள மாறிகளை மட்டுமே செயற்கூறாக ஏற்பது என்ற ஃப்ளோரியன் வைமரின் யோசனைதான் சிக்கலின் வேரைத் தொட்டது. எஸ்எச் என்ற பெயரில் டாஷ் இருந்த டெபியன், உபுண்டு கணினிகளிலும் பாஷ் நிறுவப்பட்டிருந்தது. அவற்றையும் திருத்தவே வேண்டியிருந்தது. ஆயினும் பிற நிரல்கள் எஸ்எச் வழியே கட்டளை இயக்கும் இடங்களில் பாஷ் குறுக்கிடாததால், தாக்குதலுக்கான வாயில்கள் அங்கே குறைவு.

வேறுபாடுகள் இன்றும் தொடர்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 2019இல் மேக் கணினிகளின் இயல்பு ஷெல்லாக இசட்ஷெல்லை ஏற்றது. உரிம மாற்றம் காரணமாக அதில் உள்ள பாஷ் 2006இல் வெளிவந்த 3.2 பதிப்பு வரிசையிலேயே நின்றுவிட்டது. சொற்களைச் சுட்டெண்ணாகக் கொள்ளும் அணிகள் 2009இல் வந்த 4.0 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தி லினக்ஸில் எழுதிய ஸ்கிரிப்ட், மேக் கணினியில் உள்ள பாஷில் பிழை காட்டி நிற்கும்.