நத்தம் கணவாயும் ராபர்ட் ஓர்மும்

ஆங்கிலேய எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகளில் நம் ஊர்ப் பெயர்களை நாம் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் 18ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற வரலாற்றாசிரியரான ராபர்ட் ஓர்ம், திண்டுக்கல்லை அடுத்த நத்தம் கணவாயைத் தம் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். தென்னாட்டார் 'கான்சாகிபு' என்றழைத்த யூசுப்கானும் அந்நூலின் வழியாகவே ஆங்கில வாசகர் பலருக்கு அறிமுகமானார்.

ஓர்ம் 1728இல் திருவிதாங்கூர்க் கரையிலுள்ள அஞ்சுதெங்கில் பிறந்தவர். இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் பயின்று, கிழக்கிந்தியக் கும்பினியில் 'ரைட்டர்' பணியேற்று வங்காளம் வந்தார். ரைட்டர் என்பது அன்று இலக்கியப் பட்டமன்று. கணக்கும் கடிதமும் எழுதும் கடைநிலை எழுத்தர் பதவியே. அங்கிருந்து உயர்ந்து, 1754இல் சென்னைக் கோட்டையின் ஆலோசனைச் சபை உறுப்பினரானார். 1758இல் தாயகம் புறப்பட்ட அவரது கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியில் கைப்பற்றினர். எனினும் 1760இல் இங்கிலாந்தை அடைந்து, வரலாறு எழுதுவதையே வாழ்நாள் பணியாக மேற்கொண்டார். 1769 முதல் 1801இல் மறையும்வரை கும்பினியின் வரலாற்றாசிரியராகவும் விளங்கினார்.

அவர் சென்னைச் சபையில் வீற்றிருந்த காலத்தில்தான், 1755இன் தொடக்கத்தில், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரிதண்டக் கர்னல் எரோன் அனுப்பப்பட்டார். 500 ஐரோப்பியரும் 2000 சிப்பாய்களும் சென்றனர். நவாப் முகம்மது அலியின் தமையனார் மாபூஸ்கானும், சிப்பாய்ப் படைத்தலைவராக யூசுப்கானும் உடன் இருந்தனர். மதுரையை அடுத்த கோவில்குடி ஆலயத்தைச் சூறையாடிய படை, அங்கிருந்த தெய்வத் திருமேனிகளையும் எடுத்துக்கொண்டது. மே மாத இறுதியில் திருச்சிக்குத் திரும்பும் வழியில், அடர்ந்த காடு சூழ்ந்த நத்தம் கணவாயில் கள்ளர் மக்கள் அப்படையைத் தாக்கித் திருமேனிகளை மீட்டனர். எரோன் பின்னர் இராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார்.

தம் சபை அனுப்பிய படைக்கு நேர்ந்த இழிவை ஓர்ம் மறைக்கவில்லை. அவரது நூலில் நுண்விவரங்கள் மிகுந்து சலிப்பூட்டுகின்றன என்பது மெக்காலேயின் குறை. ஆனால் மெக்காலேக்குச் சலிப்பூட்டிய அவ்விவரங்களே இன்று நமக்குச் செல்வம். அவையின்றேல் நத்தம் கணவாயின் அந்த நாள் இத்துணைத் தெளிவாக நமக்குக் கிட்டியிராது.

எனினும் இவ்வளவு விரிவாக எழுதியவரிடமும் ஒரு மௌனம் இருக்கிறது. அவரது நூலின் முதல் தொகுதி இலண்டனில் வெளிவந்த ஆண்டு 1763. அதே ஆண்டில் யூசுப்கான் மதுரைக் கோட்டையில் கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்றார். 1764 அக்டோபர் 15இல் அவர் தூக்கிலிடப்பட்டார். இரண்டாம் தொகுதியை ஓர்ம் வெளியிட்டதோ 1778இல். அதற்குள் 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் அத்தொகுதி 1761இன் நிகழ்ச்சிகளோடு முடிகிறது. 1758-59 சென்னை முற்றுகையில் பிரெஞ்சுக்காரரை அலைக்கழித்து ஆங்கிலேயருக்குத் துணைநின்ற யூசுப்கான் அதில் இடம்பெறுகிறார். கும்பினியை எதிர்த்து மடிந்த யூசுப்கான் இடம்பெறவில்லை. எழுதியவர் வரம்பாகக் கொண்ட ஆண்டே ஒரு வீரரின் பாதி வாழ்வை நூலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

அக்குறையை ஆங்கிலத்தில் நிறைவு செய்ய 1914இல் எஸ்.சி. ஹில் என்பாரின் தனிநூல் வரவேண்டியிருந்தது. அதற்கிடையே 150 ஆண்டுகள் ஓடிவிட்டன. தமிழ் மக்களோ அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல் அவர் வீழ்ச்சியைப் பாடியது. மதுரை சம்மட்டிபுரத்தில் உள்ள தர்கா அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது; கான்சா மேட்டுத் தெரு அவர் பெயரைச் சுமக்கிறது.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. ஓர்ம் எழுதாத 1764ஐ மட்டும் நாம் போற்றி, அவர் எழுதிய 1755ஐ ஒதுக்கிவிட்டால் நாமும் அதே தவற்றையே செய்தவராவோம். ஆலயத்தைக் கொள்ளையிட்ட படையில் அன்று யூசுப்கான் பணியாற்றினார் என்பதும், அதே கும்பினியை எதிர்த்தே பின்னாளில் உயிர் நீத்தார் என்பதும் ஒரே மனிதரின் வரலாறு. சாட்சியத்தை மறைக்கலாகாது என்று திருமறை பணிக்கிறது. அந்தக் கடமை நம் முன்னோரின் வரலாற்றை எழுதும்போதும் நம்மைவிட்டு நீங்குவதில்லை.