எடைக்குப் போடாத இரும்பு

கருவிகளின் கதை – 17

58 கிலோ. நன்றாக வளர்ந்த ஓர் ஆளின் எடை. 1927இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள டோல்மார் மலையில் எமில் லெர்ப் சோதித்துப் பார்த்த பெட்ரோல் சங்கிலி ரம்பத்தின் எடை அது. எஞ்சின் பக்கம் ஒருவர், சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் நுனியில் ஒருவர் என இரண்டு பேர் தூக்கிப் பிடித்தால்தான் அது மரத்தைத் தொடும். பிற்பாடு அந்த மலையின் பெயரையே தன் கம்பெனிக்கும் வைத்துவிட்டார் லெர்ப்.

இரண்டு ஆட்கள் எதிரெதிரே நின்று இழுக்கும் நீள ரம்பத்தைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அதை ஒருவரே தோளில் போட்டுக்கொண்டு காடு ஏறிவிடலாம். அதற்குப் பதிலாக ஓர் ஆளின் எடையுள்ள எஞ்சினைச் சேற்றிலும் சரிவிலும் சுமக்க யார்தான் சம்மதிப்பார்கள்? இருந்தும் சம்மதித்தார்கள். ஒரு பகல் முழுவதும் தோளும் முதுகும் கழன்றுபோக இழுத்தவர்களுக்கு, பெட்ரோல் செய்யும் வேலையின் அருமை சொல்லாமலே தெரிந்தது. 1929இல் ஷ்டுட்கார்ட்டில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் வெளியிட்ட மரம் வீழ்த்தும் எந்திரம் 46 கிலோவுக்கு இறங்கியது. ஆறு குதிரைத் திறன். அதற்கு மூன்று ஆண்டு முன்பே அவர் மின்சாரத்தில் ஓடும் ரம்பம் ஒன்றைச் செய்திருந்தார். ஆனால் காட்டுக்குள் மின்கம்பி ஏது?

இந்தக் கருவியின் வரலாற்றைக் கிலோக் கணக்கில் எழுதிவிடலாம் என்பது என் எண்ணம். பழைய செயின் சாக்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கொட்டகையில் வரிசையாக நிற்கும் எந்திரங்களை ஆண்டு வாரியாகத் தூக்கிப் பார்த்தாலே போதும், பாதிக் கதை கைக்குப் புரிந்துவிடும்.

‘பிரசவ அறுவைக்காகக் கண்டுபிடித்ததுதான் செயின் சா’ என்ற செய்தி அடிக்கடி சுற்றி வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் எலும்பு அறுக்கப் பல் வைத்த மெல்லிய சங்கிலியைப் பயன்படுத்தியது உண்மை. 1830 வாக்கில் ஜெர்மனியின் பெர்னார்ட் ஹைன் பல்சங்கிலியைக் கைப்பிடியால் சுழற்றி எலும்பை அறுக்கும் கருவி செய்ததும் உண்மை. ஆனால் காட்டு ரம்பத்துக்கும் அவற்றுக்கும் இருப்பது தூரத்துச் சொந்தம். நம் கதைக்கு அதைவிட நெருங்கிய உறவினர் ஒரு புழு.

1946ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஒரெகன் மாநிலம். ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் காட்டு வேலை தெரிந்தவர், இரும்பு வேலையும் தெரிந்தவர். அன்றைய சங்கிலிகள் அவரைப் படுத்தி எடுத்தன. அவற்றின் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போல நேராக நிற்கும்; ஆணியால் பலகையைக் கீறுவதுபோல மரத்தைக் கீறிக் கீறித் தூளாக்கும். எஞ்சினின் சக்தியில் பெரும்பங்கு அந்தத் தூளுக்கே போய்விடும். பல் சீக்கிரம் மழுங்கும். ஒவ்வொரு பல்லையும் உட்கார்ந்து அரம் போட்டுக் கூராக்க, கைதேர்ந்த ஆளும் வேண்டும், நேரமும் வேண்டும்.

ஒரு நாள் விறகு வெட்டிக்கொண்டிருந்த காக்ஸின் கண், அடிமரம் ஒன்றுக்குள் வேலை செய்துகொண்டிருந்த வண்டுப் புழுவின் மீது விழுந்தது. ஆள்காட்டி விரல் பருமனான புழு. நல்ல மரத்தை, இழையோட்டத்தோடும் இழைக்குக் குறுக்காகவும் சிரமமே இல்லாமல் தின்றுகொண்டு போனது. அதன் தாடைகளை உற்றுப் பார்த்தார். இரண்டும் ஆங்கில ‘சி’ எழுத்துப் போல வளைந்தவை. ஒன்று இடமிருந்து வலமாகச் சீவியது, மற்றது வலமிருந்து இடமாக. புழு மரத்தைக் கீறவே இல்லை, சீவியது.

அந்தத் தாடையைத்தான் அவர் எஃகில் வார்த்தெடுக்க முயன்றார். இடப்பக்கம் ஒரு பல், வலப்பக்கம் ஒரு பல் என மாறி மாறி வரும் சங்கிலி. ஒவ்வொரு பல்லின் மேல்தகடும் இழைப்புளியின் உளியைப் போல மரத்தைச் சீவியெடுக்கும். பல்லுக்கு முன்னால் ஒரு சிறு மேடு. உளி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று அளவு வைப்பது அதுதான். இழைப்புளியில் உளியை எவ்வளவு வெளியே நீட்டுவது என்று தச்சர் தட்டித் தட்டிப் பார்ப்பாரே, அதே கணக்கு. போர்ட்லண்டில் தன் வீட்டு நிலவறையில் தொடங்கிய வேலை, 1947இல் ஒரெகன் சங்கிலிக் கம்பெனி ஆனது. அந்த நவம்பரில் முதல் சங்கிலி விற்பனைக்கு வந்தது. தூள் பறந்த இடத்தில் சுருள் சுருளாகச் சீவல் பறந்தது. இன்று நம் ஊர்க் கடையில் தொங்கும் சங்கிலியை எடுத்துப் பாருங்கள். அந்தப் புழுவின் தாடை அதில் இருக்கும்.

சங்கிலி சுலபமாக அறுத்தால் எஞ்சின் சிறியதாக இருக்கலாம். எஞ்சின் சிறுத்தால் இரண்டாவது ஆள் வேண்டாம். 1949இல் மெக்கல்லக் கம்பெனியின் 3-25 ரம்பம் வந்தது. எடை 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம். அடுத்த ஆண்டு ஷ்டீல் தன் முதல் ஒற்றையாள் பெட்ரோல் ரம்பத்தை 16 கிலோவில் இறக்கியது. 1959இல் அதே கம்பெனியின் ‘கான்ட்ரா’ 12 கிலோ. பற்சக்கரப் பெட்டியே இல்லாமல் எஞ்சினிலிருந்து நேராகச் சங்கிலியைச் சுழற்றியது அது. 1963இல் ஹோம்லைட் எக்ஸ்எல்-12, பட்டையும் சங்கிலியும் நீங்கலாக ஐந்தரைக் கிலோவுக்குள் முடிந்துவிட்டது. எஞ்சின் உடம்பை மெக்னீசியத்தில் வார்த்தது இந்த இறக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம். 58 கிலோவிலிருந்து ஐந்தரைக்கு வர 36 ஆண்டு.

இடையில் இன்னொரு முடிச்சும் அவிழ வேண்டியிருந்தது. பைக் கார்புரேட்டரில் மிதவை இருக்கும். வண்டியைச் சாய்த்துப் போட்டால் பெட்ரோல் வழியும். முதல் தலைமுறை ரம்பங்களுக்கும் அதே சிக்கல். நிற்கும் மரத்தை வெட்டப் பட்டை படுத்தவாக்கில் இருக்க வேண்டும், விழுந்த மரத்தைத் துண்டு போட நின்றவாக்கில். ஆனால் எஞ்சினைச் சாய்க்க முடியாது. அதனால் பட்டையை மட்டும் திருப்பிப் பூட்டும் அமைப்பு வைத்தார்கள். மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு வைத்த டயாஃப்ரம் கார்புரேட்டர் பரவிய பிறகே, ரம்பத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் எஞ்சின் அணையாமல் ஓடியது. கட்டைவிரல் நகம் அளவுக்கு மெலிந்த ஒரு சவ்வு தொழிலாளியின் இடுப்பைக் காப்பாற்றியது என்றே சொல்வேன்.

மெக்கல்லக்கைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கம்பெனியை நிறுவிய ராபர்ட் மெக்கல்லக் அரிசோனா பாலைவனத்தில் லேக் ஹவாசு சிட்டி என்றொரு ஊரையே உருவாக்கி, அங்கே ரம்பத் தொழிற்சாலையும் வைத்தார். ஊருக்கு ஆட்களை ஈர்க்க 1968இல் லண்டன் மாநகரம் விற்ற பழைய லண்டன் பாலத்தை 24,60,000 டாலருக்கு வாங்கினார். கற்களுக்கு எண் போட்டுக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, பாலைவனத்தில் நிறுத்தி, 1971இல் திறந்தார். அந்தப் பாலம் இன்றும் அங்கே நிற்கிறது.

எடை இறங்கியது. ஆனால் அதிர்வு இறங்கவில்லை. இலேசான உடம்பில் வேகமாகச் சுற்றும் எஞ்சின், நாள் முழுவதும் அதைப் பிடித்திருக்கும் கை. குளிர்நாட்டுக் காடுகளில் தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெட்டுப்போனதால் வந்த நோய். ஜப்பானிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் 1960களில் இது பெரிய தொழிலாளர் பிரச்சினை ஆயிற்று. கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் தாங்கிகள் வைக்கும் முறையை ஷ்டீல் 1964இல் கொண்டுவந்தது. 1959இல்தான் முதல் ரம்பம் செய்த ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா, 1969இல் தன் 180ஆம் மாடலில் அதிர்வுத் தடுப்பைச் சேர்த்தது. பட்டையின் நுனி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். அந்தக் கணமே சங்கிலியை நிறுத்தும் பிரேக் 1970களின் தொடக்கத்தில் வந்தது. ஒரு பழைய ரம்பத்தின் கைப்பிடியைப் பார்த்தாலே, அது எத்தனை விரல்களைக் கெடுத்த காலத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் இந்தக் கதை தெரியாது. ஓட்டிப் பார்க்க வேண்டும். சேகரிப்பவர்கள் பராமரிப்புக்கு இவ்வளவு பாடுபடுவது அதனால்தான்.

பண்ணைக் கொட்டகையில் முப்பது, நாற்பது ஆண்டு கிடந்த ரம்பம் கைக்கு வந்தவுடன் கயிற்றைப் பிடித்து இழுப்பவர் இந்தக் கலைக்கு ஆகமாட்டார். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் இலேசான எண்ணெய் விட்டு, சில நாள் பொறுக்க வேண்டும். துருப்பிடித்த பிஸ்டன் வளையங்களை இழுத்தால் சிலிண்டரின் உட்சுவர் கீறிப்போகும். அந்தச் சிலிண்டரை இனி எந்தக் கம்பெனியும் செய்து தராது. பிறகு தீப்பொறி. ஃப்ளைவீலைக் கழற்றினால் உள்ளே பாயின்ட், கன்டென்சர். பாயின்ட் முகத்தில் படிந்த கறையைத் துடைத்து, இடைவெளியைப் பெரும்பாலான மாடல்களுக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் வைத்தால், பாதி ரம்பங்கள் அங்கேயே கண் திறந்துவிடும். ஃப்ளைவீலைத் திரும்பப் பூட்டும்போது அரைவட்டக் கீ தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் பொறி தவறிய நேரத்தில் விழும்.

அதற்கடுத்தது எரிபொருள் வழி. டாங்கியில் பழைய பெட்ரோல் வார்னிஷ் போலப் படிந்திருக்கும். டயாஃப்ரம் காய்ந்த தோல் மாதிரி விறைத்திருக்கும். கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல் வெடித்திருந்தால் எஞ்சின் ‘ஏர் இழுக்கும்’. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடேறி, சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓடவே ஓடாத ரம்பத்தைவிட, சீலைப் பார்க்காமல் ஓட்டிய ரம்பம்தான் கதி கெட்டுப் போகிறது. பெட்ரோல்-ஆயில் கலவையும் அப்படித்தான். அந்தக் காலத்துத் தகட்டில் 16க்கு 1 என்று இருக்கும், லிட்டருக்கு 60 மில்லிக்குச் சற்று மேல். இன்றைய ரம்பத்துக்குக் கலக்கும் 50க்கு 1 கலவையை அப்படியே ஊற்றுவது ஆபத்து. இன்றைய எண்ணெய் தரமானது என்பதால் அனுபவசாலிகள் பலர் 32க்கு 1 என்று வைத்துக்கொள்கிறார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைத் தின்னும். ஆகவே ஓட்டி முடித்ததும் டாங்கியைக் காலி செய்துவிட்டே அலமாரியில் வைப்பார்கள். ஈர மரத்தூள் அப்பிக் கிடந்த மெக்னீசியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அதைக் கையால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம், தீப்பொறி பறக்கும் எந்திரத்தில் கொடுக்கவே கூடாது. மெக்னீசியத் தூள் பற்றிக்கொண்டால் தண்ணீருக்கு அடங்காது.

உதிரிபாகம் கிடைக்காததால் ஒரே மாடலில் மூன்று உடைந்த ரம்பங்களை வாங்கி ஒன்றைப் பிழைக்க வைப்பது வழக்கம். கேஸ்கெட்டைத் தாளில் தாங்களே வெட்டிக்கொள்வார்கள். புதுப் பெயின்ட் அடிக்கலாமா என்பதில் சேகரிப்பாளர்களுக்குள் தீராத சண்டை உண்டு. மெக்கல்லக்கின் மஞ்சளையும் ஜோன்செரட் ரம்பங்களின் சிவப்பையும் மின்ன வைப்பவர்கள் ஒரு கட்சி. கைபட்டுத் தேய்ந்த இடத்தை அப்படியே விட வேண்டும் என்பவர்கள் மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பின்கைப்பிடியில் பெயின்ட் போன இடம், முகம் தெரியாத ஒரு தொழிலாளி விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து.

இன்னொன்றிலும் எனக்குத் தயக்கமில்லை. பிரேக் இல்லாத பழைய ரம்பத்தைக் கொண்டு தினசரி வேலை செய்யக் கூடாது. காப்புக் கவசங்களோடு, படுத்துக்கிடக்கும் கட்டையில் நாலு வெட்டுப் போட்டு, சத்தம் கேட்டு, நிறுத்திவிட வேண்டும்.

நம் ஊரில் பெட்ரோலில் ஆயில் கலந்து டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கும், ஜாவா, எஸ்டி வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவர்களுக்கும் மேலே சொன்ன ஒவ்வொரு வேலையும் தெரிந்த வேலைதான். பாயின்ட் தேய்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், வயதாகிவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது, பாதைகளைத் திறந்துவிட்டது இன்றைய சங்கிலி ரம்பங்கள்தான். அவற்றுக்கும் ஒரு நாள் வயதாகும்.

எஸ்டேட் ஷெட்டிலோ, மரக்கடையின் மூலையிலோ, வீட்டுப் பரணிலோ ஓடாத பழைய ரம்பம் ஒன்று உங்களிடம் இருந்தால், கயிற்றை இழுக்காதீர்கள். டாங்கியைக் காலி செய்யுங்கள். பெயர்த்தகட்டில் உள்ள எண்ணை எழுதி வையுங்கள். அதை ஓட்டியவர் உயிரோடு இருந்தால், எந்தக் காட்டில், எந்த ஆண்டில் ஓட்டினார் என்று கேட்டு அதன் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டுங்கள். அதுவரை பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.