சனிக்கிழமை லீவுன்னு யார் சொன்னது?



நேற்று மகள் போனில், "அப்பா, ரெண்டு தேதிக்கு நடுவுல எத்தனை வேலை நாள்னு எக்செல்ல எப்படி எடுக்கிறது?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். வைத்த பிறகு ஒரு பழைய கணக்கு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012 ஜூன் மாதம். புளியந்தோப்பில் என்னிடம் படித்த பையன் ஒருவன், ஒரு பிளாஸ்டிக் பை நிறைய சம்பளச் சீட்டோடு வீட்டுக்கு வந்தான். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் தற்காலிக வேலை. "ரெண்டு வருஷம் ஆயிடுச்சு சார். 480 நாள் வந்துச்சான்னு பாத்து சொல்லுங்க" என்றான்.

அந்த 480 எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணி செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதனால்தான் பல இடங்களில் சில மாதத்துக்கு ஒருமுறை 'பிரேக்' கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவனுக்கும் மூன்று பிரேக், ஒவ்வொன்றும் மூன்று வாரம்.

2010 ஜூன் 1 முதல் 2012 மே 31 வரை போட்டு, பிரேக் வாரங்களைக் கழித்தேன். வந்தது 478. இரண்டு நாள் குறைவு! பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன்தான் திரையை எட்டிப் பார்த்து, "சார், சனிக்கெழம லீவுன்னு யார் சார் சொன்னது? நாங்க போவோமே" என்றான்.

நெட்வொர்க்டேஸ் என்ற அந்தக் கணக்கு, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் சனி, ஞாயிறு இரண்டையும் தள்ளிவிடும். அதை எழுதியவர்கள் ஊரில் அப்படி. எக்செல் 2010இல் நெட்வொர்க்டேஸ் டாட் இன்டல் என்று இன்னொன்று வந்தது. அதில் 11 என்று போட்டால் ஞாயிறு மட்டும் லீவு. போட்டேன். 573. காய்ச்சல், தங்கச்சி கல்யாணம் என்று அவன் போகாத 31 நாளைக் கழித்தாலும் 542.

இந்த ஞாயிறுகூட சும்மா வந்ததில்லை. பம்பாயில் லோகண்டே மில் தொழிலாளர்களைத் திரட்டிப் போராடி, 1890இல் முதலாளிகளிடம் வாங்கிய லீவு அது. அடுத்த வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை எழுத்தில் வந்தது. நம் பக்கத்தில் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலானோர் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது 1918 ஏப்ரல் 27. எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், அதுவும் சனிக்கிழமை! மூன்றே வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வேலைக்குப் போனவர்களும் போகாதவர்களும் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். என் அப்பாவும் அந்த மில்தான். சங்கு ஊதினால் ஆறு நாளும் கிளம்பிவிடுவார். 1996இல் மில்லே மூடிவிட்டது.

எது வேலை நாள் என்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 1947 தொழில் தகராறு சட்டத்தில் 12 மாதத்தில் 240 நாள் என்று ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர் ஒருவருக்கு ஞாயிறையும் சம்பள விடுமுறையையும் விட்டால் 220 நாள், சேர்த்தால் 275. சேர்க்கத்தான் வேண்டும் என்று 1985இல் தீர்ப்பு. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. சம்பளம் கொடுத்த நாளை வேலை நாள் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பையன் 542ஐ பிரின்ட் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான். வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "சீட்டுல யார் பேர் இருக்கு?" மூன்று கான்டிராக்டர் பேர். ஒவ்வொரு பிரேக்குக்குப் பிறகும் பேர் மாறியிருக்கிறது. மெஷின் அதே மெஷின், சூபர்வைசர் அதே ஆள். நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த நானும் அதைக் கவனிக்கவில்லை. கேஸ் இழுத்தது. வீட்டுக் கஷ்டத்தில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான்.

இப்போது திருவொற்றியூரில் சொந்த லேத் பட்டறை வைத்திருக்கிறான். கூட இரண்டு பையன்கள். போன பொங்கலுக்கு வந்தபோது, அந்த பிரின்ட் இன்னும் பீரோவில் இருப்பதாகச் சொன்னான். தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடு.