புகுந்த வீடு இல்லாப் பெண்கள்

பெண்ணுக்கு இரண்டு வீடு என்பர் நம் நாட்டில். பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு மற்றொன்று. இரண்டிலும் அவளுக்குள்ள உரிமை என்ன என்று கேட்டால் விடை வராது, பழமொழி வரும். போகட்டும். புகுந்த வீடு என்ற சொல்லையே அறியாத பெண்குலம் ஒன்றும் இதே நாட்டில் நூற்றாண்டு நூற்றாண்டாக வாழ்ந்தது. ஆண்டவனுக்கு மனைவி என்றனர் அவர்களை. அந்த மாப்பிள்ளையோ கருவறையை விட்டு வந்தவனல்லன். தாலி உண்டு, தாலி கட்டியவன் இல்லை. பிள்ளை உண்டு, பிள்ளைக்குத் தந்தை பெயர் இல்லை. தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டிலே பொறித்தார்கள். தேவரடியார் என்று மதித்தார்கள். தேவதாசி என்று பின்னர் அழைத்தார்கள். கடைசியில் தாசி என்று இழித்தார்கள்.

‘எந்தக் குலம்? எவர் மகள்?’ என்று கேட்டுவிட்டே இருக்கை தரும் சமுதாயத்தில், இந்தக் குலத்திலே பிறந்தவரும் வளர்ந்தவருமான மூன்று பெண்கள் என்ன விடை தந்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒருவர் கல்வியைப் பற்றிக்கொண்டு வெளியேறினார். ஒருவர் இயக்கம் கண்டு எதிர்த்து நின்றார். ஒருவரோ, ‘இது என் மரபு; இதைப் பழிக்க நீ யார்?’ என்று கேட்டார். மூவரும் ஒரே வழியில் நடந்தவரல்லர்; ஒருவரையொருவர் மறுத்தவரும் உண்டு. ஆயினும் மூவர் வாழ்வையும் ஒருசேரப் படித்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

முதலில் அந்த மரபு எதன் மீது நின்றது என்பதைக் காண்போம். பக்தியின் மீது நின்றது என்பார்கள். கல்வெட்டைப் படித்தால், காணியின் மீது நின்றது என்பது விளங்கும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியேற்றினான். ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடு. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் ஒரு பங்கு. அவர்களில் ஒருவர் இறந்தாலும் நாட்டை விட்டுப் போனாலும், அவர்க்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும் என்றும் அக்கல்வெட்டே வகுத்துரைக்கிறது. வீடு, நெல், உறவு ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிய கட்டு அது. அந்த நாளில் அது மதிப்புள்ள பதவியாகவும் இருந்திருக்கலாம். தம் பொருளைக் கொண்டு கோயிலுக்குக் கொடையளித்த தேவரடியாரைப் பற்றியும் கல்வெட்டுக்கள் பேசுகின்றன. ஆனால் முடிச்சு முடிச்சுதான். அரசு மாறிற்று, ஆலயத்தின் செல்வம் கரைந்தது, காப்பவர் கைமாறினர்; பொட்டு மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

பொட்டுக்கட்டு என்பது என்ன? பருவம் எய்தாச் சிறுமியின் கழுத்தில் தெய்வத்தின் பெயரால் தாலி ஏறும். அதன்பின் அவள் எவனையும் மணக்கலாகாது. மானிய நிலம் அவள் குடும்பத்தினிடம் தங்க வேண்டுமானால், அவளோ அவளுக்குப் பின் மற்றொருத்தியோ கோயிற்பணி செய்தே தீர வேண்டும். மகள் இல்லையேல் தத்து எடுப்பார்கள். வறுமையில் வாடும் வீட்டுக் குழந்தைக்கு விலை பேசப்படும். பெண்ணுக்குச் சொத்துரிமை மறுத்த நாட்டில், தாய்வழியே மகளுக்குச் சொத்து இறங்கிய குலம் இது என்று வியப்போர் உண்டு. உண்மையே. ஆயின் அந்தச் சொத்துக்கு அவள் கொடுத்த விலை, தன் உடல் மீதும் தன் மகளின் நாளை மீதும் இருந்த உரிமை. அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டாமா?

முதலாமவர் முத்துலட்சுமி அம்மையார். 1886-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி, பார்ப்பன குலத்தவர், கல்லூரித் தலைவர். தாய் சந்திரம்மாள், இசைக்கும் ஆடலுக்கும் உரிய குலத்தவர். தந்தையின் குலம் அவரைத் தன் மகளென ஏற்கவில்லை. தாயின் குலம் அவருக்கு வகுத்திருந்த பாதையில் அவருக்கு மனமில்லை. இரண்டு வீடும் பாதி பாதியாக இருந்த பெண்ணுக்கு ஏடுதான் வீடாயிற்று. ஆண்கள் பயிலும் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். பெண் வந்தால் ஆண் கெடுவான் என்றனர்; பிறப்பையும் குத்திக் காட்டினர். புதுக்கோட்டை மன்னர் எதிர்ப்பைப் புறந்தள்ளி இடம் தந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் மருத்துவப் பட்டம். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற நிபந்தனையின் பேரிலேயே அந்த மணம் நிகழ்ந்தது. மணமகளின் குலமும் கோத்திரமும் கேட்கும் நாட்டில், மணமகனுக்கு நிபந்தனை விதித்த மணமகள்!

சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். அங்கே அவர் எழுப்பிய குரல், தாம் கடந்து வந்த படிக்கட்டில் இன்னும் நிற்பவர்க்கான குரல். பொட்டுக்கட்டை ஒழிக்க வேண்டும் என்றார். சாத்திரத்தைக் காட்டினர், சம்பிரதாயத்தைக் காட்டினர், கலை அழியும் என்று கண்ணீரும் வடித்தனர். அம்மையார் நோயின் மூலத்தை அறிந்த மருத்துவர். காணி என்ற கயிறு அறுபடாமல் பொட்டு என்ற முடிச்சு அவிழாது என்பதை அறிந்திருந்தார். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. மானிய நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கும். அதற்காகக் கோயிற்பணி செய்ய வேண்டிய கட்டாயம் நீங்கும். அறிவுரை ஆயிரம் சொல்வதினும் இந்த ஒரு திருத்தம் பெரிது. ‘வெளியே வா’ என்று அழைப்பவர், வெளியே வந்தால் சோற்றுக்கு என்ன வழி என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும் என்பதைச் சீர்திருத்தம் பேசுவோர் அனைவரும் அதனிடமிருந்து கற்க வேண்டும்.

அதே 1929-இல்தான் செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அது தமிழ்நாட்டிலே சட்டமாக 1989-ஆம் ஆண்டு வரை, அறுபதாண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது. பொட்டுக்கட்டை அடியோடு தடுக்கும் சட்டமோ 1947-இல் வந்தது.

இதனிடையே மற்றொன்று நிகழ்ந்தது. குலத்தொழிலை விட்டு ஓடிவந்த சிறுமியர்க்கு விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. விடுதிகளும் குலம் பார்த்தன! அவர்கள் அம்மையாரின் கதவைத் தட்டினர். கதவு திறந்தது. 1930-இல் தோன்றிய ஔவை இல்லம் அப்படிப் பிறந்தது. தமக்கு இல்லாதிருந்த வீட்டைப் பிறர்க்குக் கட்டித் தந்தவர் அவர். புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த துயரம், 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. 1968-இல் அவர் மறைந்தார். இவ்விரு நிலையங்களும் நிலைத்தன.

இரண்டாமவர், நம் இயக்கத் தோழர்கள் நன்கறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883-இல் பிறந்தவர். அவர் அந்தக் குலத்திலே பிறந்தவரல்லர், விற்கப்பட்டு வந்தவர். பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையுமே விலை! அந்த விலைக்குத்தான் ஒரு சிறுமியின் வாழ்வு கைமாறிற்று. ‘குலம் பிறப்பால் வருவது, மாற்றவொண்ணாதது’ என்று ஓதுவோரைக் கேட்கிறோம்: பத்து ரூபாய்க்கு மாறிய குலம், பகுத்தறிவுக்கு மாறக் கூடாதா?

ஆடலும் பாடலும் கற்றார். ஏட்டுக் கல்வியும் பெற்றார். தமக்கு வகுத்த வாழ்வை ஏற்க மறுத்தார். இசை கற்பித்த ஆசிரியரையே வாழ்க்கைத் துணையாக ஏற்றார். காங்கிரசில் கதர் சுமந்தார். 1925-இல் பெரியார் வெளியேறியபோது அவருடன் வந்தார். அதே ஆண்டில் மாயவரத்தில் இசை வேளாளர் மாநாட்டைக் கூட்டி, தம் மக்களிடையே தம் மக்களின் இழிவைப் பேசினார். ஊர் ஊராகச் சென்றார். பொட்டுக் கட்ட நாள் குறித்த வீடுகளின் வாயிலில் நின்று வாதாடினார். 1936-இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை வெளியிட்டார். உயர்கல்வி பெறாத ஒரு பெண், தம் வாழ்வையே சான்றாக வைத்து எழுதிய நூல் அது.

1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை கிளம்பிற்று. பட்டுக்கோட்டை அழகிரி முதலானோர் நடத்திச் சென்ற அந்த 42 நாள் நடைப்பயணத்தில், 55 வயதுப் பெண்மணியாக அம்மையாரும் நடந்தார். பின்னர் மறியலில் சிறையும் சென்றார். 1949-இல் அண்ணாவுடன் வந்தார். 1962-இல் மறையும்வரை உடனிருந்தார். பெற்றவர் கைவிட்ட பெண்ணுக்கு ஒரு பேரியக்கம் குடும்பமாயிற்று. அங்கே அவரை எவரும் ‘எவர் மகள்?’ என்று கேட்கவில்லை; ‘அம்மையார்’ என்றே அழைத்தனர்.

மூன்றாமவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-இல் மைசூர் நாட்டு நஞ்சன்கூட்டில் பிறந்தவர். அவருடைய தாயையும் ஒரு வழக்கறிஞர் கைவிட்டார். ஆயின் இவர் குலத்தை மறுக்கவில்லை. குலத்தை இகழ்ந்தவரை மறுத்தார். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் விளங்கிய முத்துப்பழனி என்ற கணிகை, ‘ராதிகா சாந்தவனம்’ என்னும் தெலுங்குக் காவியம் பாடியிருந்தார். சீர்திருத்தச் செம்மல் என்று போற்றப்பெற்ற வீரேசலிங்கமே, பெண் எழுதத் தகாதது என்று அதனைப் பழித்தார். ஆண் புலவர் பாடிய காமச்சுவையைக் காவியச்சுவை என்று கொண்டாடுவோர்க்குப் பெண் பாடினால் மட்டும் கூசுவானேன் என்பதே நாகரத்தினம்மாளின் வாதம். வெட்டப்பட்ட பாடல்களையும் சேர்த்து 1910-இல் அதைப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே அரசு தடை செய்தது. 1940-களில்தான் தடை நீங்கிற்று.

முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியை எதிர்த்தோர் வரிசையில் இவரும் இருந்தார். ‘எங்களை ஒட்டுமொத்தமாக இழிந்தோர் என்னாதீர், எங்களுக்குக் கல்வி தாருங்கள்’ என்பது அந்தத் தரப்பாரின் முறையீட்டுச் சாரம். பொட்டுக்கட்டை நாம் ஒப்பவில்லை, ஒப்பவும் மாட்டோம். ஆயின் அந்த முறையீட்டில் ஒலித்த மானக்குரலைக் கேளாதார் போல் செல்வதும் பகுத்தறிவாகாது. திருவையாற்றில் தியாகராசரின் சமாதி சிதைந்து கிடந்தபோது, தம் பொருளைச் செலவிட்டு அதைக் கட்டினார். கட்டியவருக்கோ அங்கே பாட அனுமதியில்லை, பெண் என்பதால்! பெண்களைத் திரட்டி, சமாதியின் பின்புறம் தனியே பாடினார். பின்னர் வழி திறந்தது. பக்தி நமக்கு உடன்பாடன்று. பின்புறம் நின்று பாடி முன்புறத்தைப் பெற்ற உரிமைப்போர் உடன்பாடே. 1952-இல் மறைந்த அவருக்கு அங்கேயே நினைவிடம் உள்ளது.

இங்கே மற்றோர் உண்மையையும் மறைக்காது சொல்ல வேண்டும். ‘சதிர்’ என்று எந்த ஆட்டத்தை இழிவென்றார்களோ, அதற்கே 1930-களில் ‘பரத நாட்டியம்’ என்று புதுப்பெயர் சூட்டி, உயர்குலத்து மகளிர்க்கு அணிகலனாக்கினர். 1936-இல் கலாசேத்திரம் தோன்றிற்று. கற்றுத் தந்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் போன்ற அக்குலத்து ஆசான்கள். மேடையோ மெல்ல மெல்ல அக்குலத்துப் பெண்களிடமிருந்து நழுவிற்று. வீணை தனம்மாளின் பேர்த்தி பாலசரசுவதி போன்ற சிலரே மரபின் உரிமையை விடாது நின்றனர். கலையை மட்டும் வைத்துக்கொண்டு கலைஞரைத் தள்ளிய கணக்கு இது. பொட்டை ஒழித்தது சீர்திருத்தம். ஆட்டத்தைப் பறித்ததோ பழைய சாதி. இரண்டையும் ஒன்றெனக் குழப்பி, ‘சீர்திருத்தக்காரர் கலையை அழித்தனர்’ என்போர்க்கு நாம் தரும் விடை இதுவே.

அக்குலத்தவரோ இழிபெயர்களை உதறி ‘இசை வேளாளர்’ என்ற பெயரைத் தாமே சூடிக்கொண்டனர். அம்மரபில் வந்த கலைஞர் கருணாநிதி ஐந்து முறை தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967-இல் அண்ணா ஆட்சி சட்டத் தகுதி தந்தது. முன்பு நடந்தவையும் செல்லும் என்றது. ஆலயம் தந்த தாலியால் வீடு பெறாத பெண்ணும், ஒரு மாலையால் வீடு பெறலாம் என்று சட்டமே ஏற்றது. 1989-இல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு மூவலூர் அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. 2022-இல் அது மாணவியர் உயர்கல்விக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் தரும் திட்டமாக மாறிற்று. தாலிக்கு உதவி ஏட்டுக்கு உதவியாயிற்று. அம்மையார் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தோழர்களே! பள்ளியில் சேர வரும் குழந்தையிடம் பெயரைக் கேட்கிறோம். அடுத்து, தந்தை பெயரைக் கேட்கிறோம். அந்த இரண்டாவது கேள்விக்குத் தலைகுனிந்த பிள்ளைகள் எத்தனை பேர் இந்நாட்டில் வாழ்ந்து மறைந்தனர் என்று எண்ணிப் பாருங்கள். குடிப்பெருமை பேசுவோர் தம் பாட்டன் பெயரை ஏழு தலைமுறை சொல்வர். இந்த மூவர்க்கும் சொல்ல ஒரு தலைமுறைப் பெயரே தடுமாற்றம். ஆயினும் ஒருவர் இல்லம் எழுப்பினார், ஒருவர் இயக்கம் வளர்த்தார், ஒருவர் பறிபோன ஏட்டை மீட்டார். எச்சம் என்பது இதுவன்றோ!

மரபு நம்மை வந்தடைகிறது. அதில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை அறிவு கொண்டு ஆய்வது நம் கடமை. பொட்டைத் தள்ளுவோம், பாட்டைக் கொள்வோம். பாட்டைக் கொள்ளும்போது, அதைக் காத்துத் தந்தவர் பெயரையும் சேர்த்தே சொல்வோம். கதவைத் தட்டும் எவரையும் குலம் கேளாது உள்ளே அழைப்போம். புகுந்த வீடு இல்லாதார்க்கெல்லாம் இந்த நாடே புகுந்த வீடாகட்டும்.