மெக் டொட்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருந்த பத்திரிகையாசிரியை

1826ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. சமையற்காரருக்கும் இல்லத்தரசிக்குமான கைந்நூல் என்பது அதன் தலைப்பின் பொருள். நூலை எழுதியவர் சென் றோனன்ஸ் என்னும் ஊரில் கிளைக்கம் விடுதியை நடத்தும் மார்கரெட் டொட்ஸ் அம்மையார் என்று முகப்பில் அச்சிடப்பட்டிருந்தது. அப்படியொரு விடுதியும் இல்லை, அப்படியொரு அம்மையாரும் இல்லை. சேர் வோல்ட்டர் ஸ்கொட் சில ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிய ‘சென் றோனன்ஸ் வெல்’ என்ற நாவலில் வரும் வாய்த்துடுக்கு மிக்க விடுதிக்காரிதான் இந்த மெக் டொட்ஸ். கதைப் பாத்திரம் ஒன்று சமையல் நூல் எழுதியதென்றால் யார் நம்புவார்கள்? நம்பினார்களோ இல்லையோ, வாங்கினார்கள். நூல் பல பதிப்புகளைக் கண்டது.

எழுதியவரின் உண்மைப் பெயர் கிறிஸ்டியன் இசொபெல் ஜோன்ஸ்டன். 1781இல் பிறந்தவர். பத்திரிகைத் துறையிலேயே வாழ்நாளைக் கழித்த என்னை இவரிடம் ஈர்த்தது இவரது சமையல் அன்று, இவரது தொழில். 1817இல் தொடங்கிய ‘இன்வர்னெஸ் கூரியர்’ பத்திரிகையில் கணவர் ஜோன் ஜோன்ஸ்டனுடன் சேர்ந்து உழைத்தவர் இவர். பின்னர் எடின்பரோவில் தம்பதியர் அச்சகமும் சஞ்சிகைகளும் நடத்தினர். 1834இல் அவர்களது சஞ்சிகை ‘டெய்ட்ஸ் எடின்பரோ மகஸின்’ என்ற ஏட்டுடன் இணைக்கப்பட்டது. அவ்வேட்டின் விலை இரண்டரை சிலிங்கிலிருந்து ஒரு சிலிங்காகக் குறைக்கப்பட்டது. 1846 வரை அதன் ஆசிரிய பீடத்தின் முழுச் சுமையையும் தாங்கியவர் இந்த அம்மையாரே. பிரித்தானியாவில் முக்கியமான ஒரு சஞ்சிகைக்கு ஊதியம் பெற்று ஆசிரியராகப் பணியாற்றிய முதற் பெண்களுள் ஒருவராக ஆய்வாளர்கள் இன்று இவரைக் குறிப்பிடுகின்றனர்.

நான் அறிந்த பத்திரிகை அலுவலகங்களில் சமையற்குறிப்பு என்றால் மகளிர் பக்கத்தின் அடியில் எஞ்சிய இடத்தை நிரப்பும் சரக்கு. எழுதியவர் பெயர் இடம் போதாமல் வெட்டப்படும். ஜோன்ஸ்டனின் நூலோ அப்படி நிரப்பப்பட்டதன்று. விடுதியில் கூடும் ஒரு கழகம், கீழைத்தேயம் சென்று பொருளீட்டித் திரும்பிய ஒரு ‘நபொப்’, சூசன் ஃபெரியரின் நாவலிலிருந்து கடன் வாங்கப்பட்ட பெருந்தீனிக்கார வைத்தியர் என்று பாத்திரங்களைக் கூட்டி, அவர்களது வாக்குவாதங்களுக்கிடையே செய்முறைகளைச் சொல்கிறார். ஆட்டின் இதயம், ஈரல், சுவாசப்பை ஆகியவற்றைக் கொத்தி, ஓட்ஸ் மாவும் கொழுப்பும் வெங்காயமும் சேர்த்து இரைப்பையினுள் வைத்து அவிக்கும் ஹகிஸ், கோழியும் லீக்ஸும் சேர்ந்த சூப், ஆட்டுத்தலைச் சாறு ஆகிய நாட்டு உணவுகள் அங்கே தலைநிமிர்ந்து நிற்கின்றன.

இது சிறிய விடயம் அன்று. 1707இல் ஸ்கொட்லாந்து தன் பாராளுமன்றத்தை இழந்து இங்கிலாந்துடன் இணைந்திருந்தது. படித்தவர்கள் தம் பேச்சில் ஸ்கொட் வாடை வீசாதிருக்கப் பாடுபட்ட காலமும் ஒன்று இருந்தது. 1755இல் எலிசபெத் கிளீலண்ட் எடின்பரோவில் சமையல் நூல் வெளியிட்டார். அதே ஆண்டு இலண்டனில் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி, இங்கிலாந்தில் குதிரை தின்னும் ஓட்ஸை ஸ்கொட்லாந்தில் மனிதர் உண்பதாகக் கேலி செய்தது. குளிரும் மழையும் மிகுந்து கோடை குறுகிய அம்மண்ணில் கோதுமையிலும் ஓட்ஸே நன்றாக விளையும் என்ற உண்மைக்குக் கேலியில் இடமில்லை.

நம்மவர்க்கு ஒரு சுவையான செய்தி. 1829இல் திருமதி டல்கெயர்ன்ஸ் எடின்பரோவில் வெளியிட்ட நூலில் கறி வகைகள் பல இடம்பெற்றன. கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் பிறந்து டண்டியில் வாழ்ந்தவர் அவர். அக்காலத்துப் பிரித்தானியச் சமையல் நூல்களில் ‘முல்லகடோனி’ என்று உருமாறிக் கிடப்பது நமது மிளகுத்தண்ணீரே.

ஜோன்ஸ்டனுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் ஃபுளோரன்ஸ் மரியன் மக்னீல். 1885இல் ஓர்க்னித் தீவில் பிறந்தவர். பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். ஸ்கொட்லாந்துத் தேசியக் கட்சியின் உபதலைவர்களுள் ஒருவராகவும் இருந்தவர். இத்தகையவர் 1929இல் ‘ஸ்கொட்ஸ் கிச்சன்’ என்ற சமையல் நூலை எழுதியது அரசியலை விட்டு அடுப்படிக்குப் போனதாகாது என்பது என் கருத்து. எல்லோர் வீட்டிலும் ஒரே வகை உணவு என்ற நிலை வந்துகொண்டிருந்தபோது, மறையவிருந்தவற்றை அவர் எழுதி வைத்தார். செய்முறைகளோடு சொற்களையும் சேர்த்தார். பெரிய தட்டைக் குறிக்கும் ‘அஷெற்’ என்ற ஸ்கொட் சொல் பிரெஞ்சு மொழியின் ‘அசியெத்’ என்பதன் திரிபு. இங்கிலாந்துக்கு எதிராக ஸ்கொட்லாந்தும் பிரான்சும் கொண்டிருந்த பழைய உறவின் எச்சம். பாரிஸ் வாழ் தமிழர் அச்சொல்லை உடனே அடையாளம் காண்பர். ‘கெயில்’ என்ற கீரையின் பெயர், நாம் சோறு என்று முழுச் சாப்பாட்டையும் குறிப்பது போல, பகலுணவையே குறித்தது. ஓட்ஸ் கஞ்சியை ஒருமையில் சொல்லாமல் பன்மையில் ‘அவை’ என்று சுட்டுவதும் அங்கு பழைய வழக்கம்.

மக்னீல் 1973இல் மறைந்தார். அவரது நூல் பின்னரும் மறுபதிப்புகள் கண்டது. 1826ஆம் ஆண்டு நூலிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட செய்முறைகள் பல அதில் உள்ளன. அவற்றோடு காணப்படும் பெயர் மெக் டொட்ஸ்.